நேற்று என்ன சாப்பிட்டீங்க?

போன மாதம் ஒருநாள் காலையில் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற மருத்துவமனையில் இப்போது உணவு ஆலோசகராக இருக்கும் பெண். சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

“மேடம், ஒரு சந்தேகம். ரத்தசோகைன்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா, சுவரொட்டின்னு சொல்றாங்க. சுவத்துல ஒட்டுற போஸ்டரையா மேடம் சாப்பிடறாங்க?”

எனக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. ஆட்டின் மண்ணீரலைத்தான் எங்கள் பக்கத்தில் சுவரொட்டி என்போம், ரத்தம் குறைந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கிக் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. இப்போதெல்லாம் நோயாளி சொல்வதைச் செயலியில் பதிய வேண்டுமாம். அதில் இருக்கும் உணவுப் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். சுவரொட்டி அந்தப் பட்டியலில் இல்லை.

“‘மற்றவை’ன்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். அதுல போட்டுடட்டுமா?”

“வேண்டாம்மா. பேரை எழுது. எவ்வளவு, யார் சமைச்சாங்க, எதுல சமைச்சாங்க, எல்லாத்தையும் எழுது. இடம் இல்லன்னா ஒரு பேப்பர்ல எழுதி ஃபைல்ல வை” என்றேன்.

போனை வைத்த பிறகும் அந்த ‘மற்றவை’ என்னை விடவில்லை. வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் நானே அந்தக் கட்டத்துக்குள் ஒளிந்திருந்தவள்.

நானும் அக்காவும் வளர்ந்தது புளியந்தோப்பில், ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வார நாட்களில் கருவாடு, காரக்குழம்பு, என்றைக்காவது குடல். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி. எங்கள் மாடியில் எல்லா வீட்டிலும் அதேதான். பத்து அடுப்பிலும் ஒரே மசாலா கொதித்தால் அதை யாரும் வாசனை என்று கவனிப்பதில்லை. அது ஞாயிற்றுக்கிழமைக் காற்று, அவ்வளவுதான். பால் என்பது டீயில் ஊற்றுகிற ஒன்று. அதை டம்ளரில் ஊற்றித் தனியாகக் குடிப்பார்கள் என்பதே உதவித்தொகையில் படிக்கப் போய் விடுதியில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சேர்ந்த முதல் மாதம் முழுக்க அந்தப் பாலால் என் வயிறு படாத பாடு பட்டது.

உணவியல் படித்த கல்லூரியில் ஒரு பயிற்சி உண்டு. பக்கத்தில் இருப்பவளிடம், முந்தின நாள் சாப்பிட்டதை எல்லாம் கேட்டு எழுத வேண்டும். ஒரு திங்கட்கிழமை என் முறை வந்தது. முந்தின நாள் நான் வீட்டுக்குப் போய் வந்திருந்தேன். “காலையில இட்லி மூணு, சாம்பார். மத்தியானம் சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல், மோர்” என்று சொன்னேன். ஆசிரியை அந்தத் தாளை உயர்த்திக் காட்டி, “பாருங்க, எவ்வளவு சரிவிகிதமான உணவு” என்று வகுப்புக்கே சொன்னார். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இருபத்து நாலு வயதில் வேலைக்கு வந்தேன். ராயபுரம் பக்கம், பெரும்பாலும் தொழிலாளர்கள் வருகிற மருத்துவமனை. எனக்கு மேலதிகாரி வேதவல்லி மேடம். மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. பருத்திப் புடவை, கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மூன்று கரண்டி, இரண்டு கிண்ணம், ஒரு டம்ளர், ஒரு சின்னத் தராசு. “ரெண்டு கரண்டி குழம்பு” என்று யாராவது சொன்னால் உடனே மூன்று கரண்டியையும் கட்டிலில் பரப்பி, “இதுல எது?” என்பார்.

அவர் கேட்கிற முறையே தனி. நேற்று என்ன சாப்பிட்டீங்க என்று ஆரம்பிக்க மாட்டார். “நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க? எழுந்ததும் முதல்ல வாயில பட்டது என்ன?” என்பார். அங்கிருந்து மணி மணியாகப் படுக்கப் போகும் நேரம் வரை வருவார். வந்ததும் நிறுத்த மாட்டார். படுக்கையிலிருந்து திரும்பக் காலை வரைக்கும் பின்னோக்கிப் போவார். “போகும்போது மறைச்சது வரும்போது விழும்” என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் விழும். கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தில் ஒன்றுமே இருக்காது. “நாம புருவத்தைத் தூக்கினா அவங்க சாப்பாட்டை மாத்திடுவாங்க” என்பார். நான் எழுதும் தாளில் எங்காவது ‘கொஞ்சம்’ என்ற சொல் இருந்தால் பென்சிலால் வட்டம் போட்டு மேஜைக்குத் திருப்பி அனுப்புவார். திட்டமாட்டார். வட்டம் மட்டும்தான். அதற்குத் திட்டே தேவலை.

முட்டை என்பதை வாயில் வைத்தே அறியாதவர் அவர். ஆனால் கையில் எடுத்தால் அதன் எடையைச் சரியாகச் சொல்வார். மத்தியானம் ஒரு மணிக்குத் தயிர்சாதமும் நார்த்தங்காயும். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நானும் தயிர்சாதம். அப்படிப் பதினெட்டு வருஷம்.

அப்போதுதான் ஏழுமலை வந்து சேர்ந்தார்.

நாற்பத்தைந்து வயதுக்காரர். வியாசர்பாடி. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நீராவிக் குழாய் வெடித்து, இரண்டு தொடையும் அடிவயிறும் இடது கையும் வெந்துபோயிருந்தன. தோல் எடுத்து ஒட்டினார்கள். பிடிக்கவில்லை. ஒட்டிய தோலில் முக்கால்வாசி உரிந்து வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை தீக்காய வார்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். வேகமாகப் பேசுகிற மனிதர்.

“எடை ஏழு கிலோ இறங்கியிருக்கு. ரத்தத்துல புரதம் சுத்தமா இல்ல. சாப்பாடு எழுதறது நீங்கதானே? சாப்பிடறாரா இல்லையா? வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். அப்புறம் மூக்கு வழியா ட்யூப். இன்னொரு தடவை ஒட்டி அதுவும் பிடிக்கலன்னா ஆள் தாங்க மாட்டார்.”

ஏழுமலை கட்டிலருகே உட்கார்ந்து வேதவல்லி மேடத்தின் முறைப்படியே கேட்டேன். பதில் தயாராக இருந்தது. இட்லி மூணு, சாம்பார். மத்தியானம் சோறு, சாம்பார், பொரியல், மோர். முட்டை ரெண்டு. பால் மூணு வேளை. பின்னோக்கிக் கேட்டேன். மோர், பொரியல், சாம்பார், சோறு என்று ஒரு பருக்கை பிசகாமல் வந்தது. உண்மையாகச் சாப்பிட்ட யாருடைய நாளும் அப்படிப் பிசகாமல் வராது. அந்தப் பட்டியலை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். கேட்கவில்லை, சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் நான் சொன்ன அதே பொய்.

பேனாவை மூடினேன். அந்த மருத்துவமனைக்குள் முதல் தடவையாக, எங்கள் வீட்டில் பேசுவது போலப் பேசினேன்.

“அண்ணே, ஞாயித்துக்கெளம வூட்ல இன்னா துன்னுவீங்க?”

அவர் திரும்பிப் பார்த்தார். “இன்னா மேடம், எங்காளு மாரி பேசற?”

“நான் புளியாந்தோப்புதான். மூணாவது மாடி. சொல்லுங்க, கறி எங்க வாங்குவீங்க? ஆட்டுத்தொட்டியாண்டயா?”

பக்கத்துக் கட்டிலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மாட்டுக்கறி மேடம். சின்னப் புள்ளைலேந்து அதான். ஒடம்புக்கு வந்தா எங்கம்மா அந்த எலும்புலதான் ரசம் வச்சிக் குடுக்கும். இங்க போய்ச் சொன்னா அசிங்கமா பாப்பாங்கோன்னு சொல்லல.”

“இங்க குடுக்கறதைத் துன்றீங்களா?”

“இல்ல.”

“பால்?”

அவர் கண் கலங்கியது. “அந்தப் பால மட்டும் நர்சம்மா நின்னு குடிக்க வைக்கறாங்கோ, அது வவுத்தக் கலக்கிக்கினே கீது மேடம். ரெண்டுக்குப் போனா கட்டெல்லாம் நனைஞ்சிப் பூடுது. அத்த அவுத்துக் கழுவிக் கட்டறாங்கோ பாரு, அப்ப உசுரு போய்ட்டு வருது. அதான் வேற ஒண்ணியும் துன்றதில்ல. துன்னாத்தானே போவணும்? மத்த எல்லாத்தையும் பக்கத்து பெட்டு பெருசுக்குக் குட்துடுவேன்.”

பக்கத்துக் கட்டில் பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முட்டையையும் தொடுவதில்லை. புண்ணுக்கு முட்டையும் கோழியும் ஆகாது, சீழ் வைக்கும் என்று அவர் மனைவி தேவகி சொல்லி வைத்திருந்தாள். அவர்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

கட்டில் கால்மாட்டில் தொங்கிய உணவுச் சீட்டைப் பார்த்தேன். ‘பால், ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்.’ என் கையெழுத்து. பால் குடித்து வளராத ஒருத்தி, பால் குடித்து வளராத ஒருவருக்கு எழுதியது. விடுதியில் என் வயிறு பட்ட பாடு எனக்கு ஞாபகமே வரவில்லை. புத்தகத்தில் இருந்தது, எழுதினேன். அந்த மனிதர் வலிக்குப் பயந்து பட்டினி கிடந்திருக்கிறார்.

மத்தியானம் தேவகி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். “வூட்ல செஞ்சி எட்தாரட்டுமா மேடம்? வுடுவாங்களா? நர்சம்மா வெளிச்சோறே கூடாதுன்றாங்கோ” என்றாள்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு தனிச் சீட்டு உண்டு. அதில் மேடத்தின் கையெழுத்தும் பிறகு டாக்டரின் கையெழுத்தும் வேண்டும். என் மேஜையில் உட்கார்ந்து முதலில் ‘இறைச்சிக் குழம்பு’ என்று எழுதினேன். அப்படியே கொடுத்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டு, ‘மாட்டுக்கறிக் குழம்பு’ என்று எழுதி மேடத்தின் முன்னால் வைத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“எலும்போடயா, எலும்பில்லாமயா?”

“எலும்பில்லாம, மேடம். நூத்தைம்பது கிராம். ரெண்டு வேளையா.”

“பச்சையாவா, வெந்ததா?”

“வெந்தது.”

“புரதம்?”

“நாப்பது கிராம் கிட்ட வரும்.”

“கிட்டன்னா?” என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “வேகவச்சா எவ்வளவு சுருங்கும்னுகூட ஓரத்துல எழுதியிருக்கே. எப்படித் தெரியும்?”

“எங்க வீட்ல இதுதான் மேடம். சின்ன வயசுலேர்ந்து.”

அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“பதினெட்டு வருஷமா என் பக்கத்துல உக்காந்து தயிர்சாதம் சாப்பிடறே.”

“ஆமா மேடம்.”

“உனக்குத் தயிர்சாதம் பிடிக்குமா?”

“பிடிக்காது மேடம்.”

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: “நானும் ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு அந்த வாசனை ஆகாது. நினைச்சாலே குமட்டும். என்னை வளர்த்த விதம் அப்படி. இந்த வயசுல மாறுமான்னு தெரியல. ஆனா அது என் வயிறு. அவர் சீட்டுல என் வயித்துக்கு என்ன வேலை? வா, டாக்டரைப் பார்ப்போம்.”

டாக்டர் சுலபத்தில் ஒப்பவில்லை. தீக்காய வார்டுக்குள் வெளிச் சாப்பாடு வந்தால் கிருமி வரும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மேடம் ஒரு தாளில் வரிசையாக எழுதியே கொண்டுபோயிருந்தார். குக்கரில் வேக வேண்டும். கொதிக்கக் கொதிக்க, வெந்நீரில் கழுவிய தூக்கில் ஊற்றி மூட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வார்டுக்கு வர வேண்டும். வந்ததும் எங்கள் சமையலறையில் மறுபடி கொதிக்க வைத்துத்தான் கட்டிலுக்குப் போகும். மிளகாய் பாதி. பால் அறவே நிறுத்தம். “கொதிச்ச குழம்பைவிடப் பட்டினிதான் இவருக்கு ஆபத்து, டாக்டர்” என்றார். வியாழக்கிழமை வரை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தேவகி தூக்கோடு ஓடி வந்தாள். கன்டெய்னர் லாரிகள் வழியை மறித்து நின்றதால் பாதி தூரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்திருக்கிறாள். “ஒரு மணி நேரம் ஆயிருச்சா மேடம்? பாத்துச் சொல்லு மேடம்” என்று மூச்சு வாங்கினாள். ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.

கொதிக்க வைத்த குழம்பை வார்டுக்கு எடுத்துப்போனபோது மேடம் தராசோடு அங்கே நின்றிருந்தார். கொடுக்கும்போது ஒரு எடை, சாப்பிட்ட பிறகு மிச்சத்தை ஒரு எடை. அது விதி. நான் போடுகிறேன் என்றேன். “என் கையெழுத்துக்கு நான்தான் நிறுக்கணும்” என்றுவிட்டார். கறித்துண்டுகளை அவரே கிண்ணத்தில் எடுத்து வைத்து நிறுத்தார். முகத்தில் எப்போதும்போல ஒன்றுமே இல்லை.

தட்டு பக்கத்தில் வந்ததுமே ஏழுமலையின் மூக்கு விரிந்தது. வலது கையால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார். நாங்கள் எல்லோரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கிவிட்டுத் தேவகியைப் பார்த்தார்.

“இன்னாடி, காரமே இல்ல? நோயாளிக்கா ஆக்கிக் கீற?”

தேவகி சிரித்தாள், அப்புறம் அழுதாள். ஒரு மனிதன் சாப்பாட்டைக் குறை சொல்ல ஆரம்பித்தால் அவனுக்குப் பசி திரும்பிவிட்டது என்று அர்த்தம். என் வேலையில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

மிச்சத்தை நிறுத்துவிட்டு மேடம் வராண்டாவுக்குப் போனார். கை கழுவும் தொட்டியில் அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே போகலாமா என்று தயங்கி நின்றேன். சற்று நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, சீட்டில் எழுதினார்: ‘மீதி: பன்னிரண்டு கிராம்.’ புதன்கிழமையும் அவரேதான் வந்து நிறுத்தார். வியாழக்கிழமையும்.

பால் நின்றதும் மூன்றாம் நாள் வயிறு கட்டுப்பட்டது. ட்யூப் போடவில்லை. தேவகியிடம் பேசிப் பேசி, இரண்டாம் வாரம் முட்டைக்கும் சம்மதிக்க வைத்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி தோல் ஒட்டினார்கள். இடது தொடையில் ஒரு உள்ளங்கை அளவு தவிர மற்றதெல்லாம் பிடித்தது. இடது கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டன. பழைய வேலைக்குப் போக முடியவில்லை. அதே தொழிற்சாலையில் வாசலில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உயிரோடு, தன் காலில் நடந்து வீட்டுக்குப் போனார்.

குழம்பு வந்த அந்த வாரமே மேடம் என்னிடம், “நாளையிலேர்ந்து உனக்குப் பிடிச்சதைக் கொண்டு வா. நான் வராண்டாவுல சாப்பிட்டுக்கறேன்” என்றார். இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெறும் வரை அப்படித்தான் சாப்பிட்டார். தீட்டுப் பார்க்கிறார் என்று சிலர் பேசினார்கள். மேலதிகாரியையே வெளியே உட்கார வைத்துவிட்டாள் என்று சிலர் என்னைப் பேசினார்கள். அது விலகுவதா, விட்டுக்கொடுப்பதா என்று இன்றைக்கும் என்னால் ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை. அந்த நாற்காலி காலியாக இருந்தது உறுத்தத்தான் செய்தது. எழுந்து போனவர் அவர். என்னை எழுந்து போகச் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்ல முடியும்.

என் வீட்டுக் கதை வேறு. திருவொற்றியூரில் குடியிருந்தோம். கணவருடையது மீன் தவிர வேறு கறி அதிகம் சாப்பிடாத குடும்பம். அவர் ஒன்றும் தடை சொல்லவில்லை. நானாகத்தான் கல்யாணமானதிலிருந்து வீட்டில் மாட்டுக்கறி சமைத்ததில்லை. உடுப்பில் வாசனை ஒட்டும், வேலையிடத்தில் யாருக்காவது தெரியும் என்ற பயம். ஏழுமலை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்கி வந்து அடுப்பில் ஏற்றினேன். பதினொரு வயது மகள் நிலா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

“அம்மா, என்னம்மா இது கலீஜா ஒரு நாத்தம்?”

அடுப்பைத் தணித்தேன். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனையே வராத வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டை அப்படி வைத்திருந்தது நான். அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.

அவளை நான் வற்புறுத்தவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு எனக்காகச் சமைத்துக்கொண்டேன். அன்றைக்கெல்லாம் அவள் தோழி வீட்டுக்குப் போய்விடுவாள். இப்படியே வளர்ந்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டு பக்கத்துத் தெருவிலேயே குடியேறினாள்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தும் சாப்பாடு பிடிக்கவில்லை. எது கொடுத்தாலும் இரண்டு வாயோடு தள்ளிவிடுவேன். எத்தனையோ பேருக்குச் சீட்டு எழுதியவள், என் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நிலா விடுப்புப் போட்டுவிட்டு என்னோடு வந்து தங்கியிருந்தாள். பத்தாம் நாள் காலையில் கண் விழித்தபோது வீடு முழுக்க எங்கள் புளியந்தோப்பு ஞாயிற்றுக்கிழமை.

சுவரைப் பிடித்து மெல்ல நடந்து போய்ப் பார்த்தேன். கொரோனாவுக்கு வாங்கி மிச்சமிருந்த முகக்கவசத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டைப் போட்டுக்கொண்டு நிலா அடுப்படியில் நின்றிருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கண்ணில் தண்ணீர்.

“யாரைக் கேட்டும்மா செஞ்சே?”

“பெரியம்மாவை. வீடியோ கால்ல பார்த்துக்கிட்டே இருந்தாங்க. இஞ்சி பூண்டு பத்தாதுன்னு ரெண்டு தடவை திட்டு வேற.” முகக்கவசத்துக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி, கையை எட்டின மட்டும் நீட்டிக் கொடுத்தாள். “உப்பு நீயே பார்த்துக்கோ. நான் வாயில வைக்க மாட்டேன்.”

நின்றபடியே ஒரு வாய் குடித்தேன்.

“ஒரு சிட்டிகை கம்மி” என்றேன்.

அவள் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, உப்பு டப்பாவைத் திறந்தாள்.